கிரகண வாதமும் மற்றொன்று விரித்தலும்

நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தினை எண்ணிய நன்னூலார், 'மற்றொன்று விரித்தல்' என்பதையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். எடுத்துக்கொண்ட பொருளை விட்டு வேறொன்றைப் பெருக்கிப் பேசுவது அது. இக்குற்றம் ஏடெழுதுவோர்க்கு மட்டும் உரியதன்று. கூடிப் பேசுவோர்க்கும் உரியது. வானத்தைப் பற்றிய பேச்சில் அது மிக எளிதாக நுழைந்துவிடும். வானம் கணக்குக்கும் உரியது, வழிபாட்டுக்கும் உரியது அல்லவா?

சென்ற 2025 செப்டம்பரில், கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவில் ஒரு கடை வாயிலில் பெரியவர் இருவர் வாதிடக் கண்டேன். ஒருவர் கையில் சென்னையில் அச்சான பஞ்சாங்கம். சந்திர கிரகணம் 7ஆம் நாள் இரவு 9 மணி 57 நிமிடத்தில் தொடங்கும் என்றார். மற்றவரோ, 8ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின் 12 மணி 27 நிமிடத்தில்தான் தொடக்கம் என்று இந்நாட்டு நாளிதழைக் காட்டினார். சிறிது நேரத்தில் கிரகணம் மறைந்தது. பாட்டனார் பெருமை, ஆங்கிலப் படிப்பின் செருக்கு, கோயில் நடை சாத்தும் வழக்கம் எல்லாம் வாதத்தில் புகுந்தன. "ஐயா, எந்த ஊர்க் கடிகாரம்?" என்று நான் கேட்டதும் இருவரும் நின்றனர். நம் கடிகாரம் இந்தியக் கடிகாரத்திற்கு இரண்டரை மணி முந்தியது. இருவரும் சொன்னது ஒரே நொடியைத்தான். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டிருந்தால் வாதமே எழுந்திராது.

இத்தகைய வாதம் ஒன்று ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் யாழ்ப்பாணத்தில் நடந்தது. அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் 1823இல் ஒரு செமினரியை நிறுவினர். அதன் தலைவர் டேனியல் பூர். அப்பகுதியில் பஞ்சாங்கம் கணித்து வந்த பெரும்புலவர் விசுவநாத சாஸ்திரியார். 1829 மார்ச்சு 20ஆம் நாள் நிகழவிருந்த சந்திர கிரகணத்தைச் சாஸ்திரியார் கணித்திருந்தார். பூரும் மேனாட்டு முறைப்படி கணித்தார். இரு கணக்கும் ஒத்துவரவில்லை. தொடங்கும் நேரத்திலும் மறைவின் அளவிலும் வேறுபாடு இருந்தது. தீர்ப்பு வானத்திடம் விடப்பட்டது. அன்றிரவு வானம் செமினரியின் கணக்கையே மெய்ப்பித்தது.

இதுவரை நடந்தது நல்ல வாதம். பொருள் ஒன்று, நாள் ஒன்று, சான்று இரு சாரார்க்கும் பொது. ஆனால் பூர் அவ்வளவில் நிறுத்தவில்லை. பஞ்சாங்கக் கணக்கு பிழைத்தது. ஆகவே புராணம் பிழைத்தது. ஆகவே சமயம் பிழைத்தது என்று அடுக்கிச் சென்றார். இங்கேதான் மற்றொன்று விரிந்தது.

சாஸ்திரியார் இராகு விழுங்கும் கதையைக் கொண்டு கிரகணம் கணித்தவர் அல்லர். கி.பி. 499இல் எழுந்த ஆரியபடீயமே பூமியின் நிழல் சந்திரனை மறைப்பதால் கிரகணம் உண்டாகிறது என்று கூறிவிட்டது. நம் கணிதர்களுக்கு இராகு, கேது என்பவை சந்திரன் பாதையும் சூரியன் பாதையும் வெட்டும் இரு புள்ளிகள். ஆக, வட்டுக்கோட்டையில் மோதியவை நிழலும் பாம்பும் அல்ல, நிமிடமும் நிமிடமுமே. பழைய வாய்பாடுகளில் பிழை எங்கே புகுந்தது என்பதே அடுத்து எழ வேண்டிய கேள்வி. வாக்கிய முறை சந்திரனின் ஓட்டத்திற்கு 248 நாள் சுற்று ஒன்றைக் கொள்கிறது. சந்திரன் தன் வேக மாறுதலை ஒன்பது முறை சுற்றி முடிக்க ஏறத்தாழ அத்தனை நாள் ஆகும். அந்த 'ஏறத்தாழ' நூற்றாண்டுக் கணக்கில் திரண்டால் என்ன ஆகும் என்று இரு சாராரும் சேர்ந்து ஆராய்ந்திருக்கலாம். சமயப் பூசல் அதற்கு இடம் தரவில்லை.

பொருளை விடாதவர் பெற்ற பயனையும் காண்போம். சென்னை வானாய்வுக் கூடத்தில் முன்னர்ப் பணியாற்றிய ஜான் வாரன், தமிழ்க் கணிதர் ஒருவர் சோழிகளைத் தரையில் அடுக்கி, மனப்பாடமான வாய்பாடுகளைக் கொண்டு கிரகணம் கணித்ததைக் கண்டார். கணிதர் எதையும் எழுதிப் பார்க்கவில்லை. 1825ஆம் ஆண்டுக் கிரகணத்தில் தொடக்கம் 4 நிமிடமும், நடு 23 நிமிடமும், முடிவு 41 நிமிடமும் பிழைத்தன. வாரன் எள்ளவில்லை. எப்படிக் கணித்தீர் என்று கேட்டுத் தம் 'காலசங்கலித'த்தில் எழுதி வைத்தார். அக்குறிப்பைக் கொண்டே 1952இல் ஆட்டோ நொய்கெபௌவர் தமிழர் வானக் கணிதத்தைப் பற்றி உலக அறிஞர்க்கு எடுத்துரைத்தார்.

சென்னை வானாய்வுக் கூடத்துச் சிந்தாமணி இரகுநாதாசாரியாரும் அந்நெறியினரே. 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்த அவர், கண்ணால் கண்டதற்கு இசையப் பஞ்சாங்கக் கணக்கைத் திருத்த முயன்றார். 1874 டிசம்பரில் சுக்கிரன் சூரியனைக் கடந்தபோது, அதனை உரையாடல் வடிவில் விளக்கிச் சிறுநூல் எழுதினார். முன்னோரை இகழாமலே முன்னோர் கணக்கைத் திருத்தலாம் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

ஆசிரியர்களாகிய நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. கிரகணப் பாடத்தின் நடுவே எங்கள் தோட்டப் பள்ளி மாணவி ஒருத்தி, "சார், அப்போ பாட்டி சொன்ன பாம்பு பொய்யா?" என்று கேட்டாள். 'வாயை மூடு' என்றால் பாட்டியை இழிவு செய்தவன் ஆவேன். அங்கேயே விடை சொல்லத் தொடங்கினால் நிழற்பாடம் கெடும். கரும்பலகையின் ஓரத்தில் அக்கேள்வியை எழுதி, "இதற்கு வெள்ளிக்கிழமை நன்னெறிப் பாடவேளை" என்றேன். பந்தும் விளக்கும் கொண்டு நிழற்பாடம் முடிந்தது. வெள்ளியன்று கதையும் பேசினோம். அன்று நிழலை இழுக்கவில்லை.

வேறு பொருளை விலக்குதல் வேறு. அதற்குத் தனியிடம் தருதல் வேறு. வட்டுக்கோட்டையில் அன்று வானம் தன் விடையைத் தெளிவாகவே சொன்னது. கேட்டவர்கள்தாம் கேள்வியை மாற்றிவிட்டார்கள்.