உயர்வளைவுப் பாதமும் வேலூர்ச் சிகிச்சையும்

கல்வராயன் மலையின் வரலாறு பெரும்பாலும் அதன் மூன்று ஜாகிர்களின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. கால்களின் மருத்துவ வரலாற்றோடு அம்மலைக்கு உள்ள மெல்லிய தொடர்பைச் சொல்பவர் குறைவு.

கொல்லிமலையில் சமயப்பணியும் மருத்துவமும் செய்துவந்த ஜெஸ்ஸி பிராண்டும் மனைவி ஈவ்லினும் கொல்லி, பச்சை, கல்வராயன், சித்தேரி, பெரியமலை ஆகிய ஐந்து மலைகளுக்கும் தம் பணியைக் கொண்டுசெல்ல விரும்பினர். 1929இல் ஜெஸ்ஸி காய்ச்சலில் இறந்தார். எழுபதை நெருங்கிய வயதில் ஈவ்லின் தனியாக மலைக்குத் திரும்பி, மட்டக்குதிரையில் ஊர் ஊராகச் சென்றார், 1974இல் மறைந்தார். ஒன்பது வயதுவரை கொல்லிமலையில் வளர்ந்த அவர் மகன் பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார்.

ஈரக்காலோடு நடந்தால் சிலருக்குக் குதிகாலும் முன்பாதமும் மட்டுமே தரையில் பதியும். இதுவே உயர்வளைவுப் பாதம். பலருக்கு அது வெறும் உடலமைப்பு. நோயாகும்போது மூலம் பெரும்பாலும் எலும்பில் இல்லை, நரம்பில்தான். 1886இல் பாரிசில் ஷார்கோவும் மரீயும், இங்கிலாந்தில் டூத்தும் விவரித்த பரம்பரை நரம்பு நோயில் பாதத்தைத் தூக்கும் தசை தளர்கிறது; உட்புறம் இழுக்கும் பின்கால் தசையோ வலுவாகவே இருக்கிறது. சமன் குலைந்து முன்பாதம் தாழ, குதிகால் உட்சாய்கிறது. இளம்பிள்ளை வாதத்தில் கெண்டைக்கால் செயலிழந்தால் குதிகால் செங்குத்தாக இறங்கி வேறொரு வகை வளைவு உண்டாகும். குழந்தையின் ஒரு காலில் மட்டும் புதிதாக வளைவு எழுந்தால் முதுகுத்தண்டைச் சோதித்தே ஆகவேண்டும். இதைத் தவறவிடுவது பெருங்கேடு.

பிராண்ட் கண்ட தொழுநோய்ப் பாதம் இதுவன்று, ஆனால் நெருங்கிய உறவு. முழங்காலருகே நரம்பு கெட்டுப் பாதம் தொங்கும். விரல்கள் நகம்போல் மடங்கும். எடை முழுதும் விரலடி முட்டுகளில் விழும். உணர்ச்சியும் இல்லாததால் அங்கே புண் குழிபறிக்கும். 1948இல் கைகளில் தொடங்கிய தசைநாண் மாற்றத்தை வேலூர்க் குழு கால்களுக்கும் கொண்டுவந்தது. பாதத்தை உட்புறம் இழுக்கும் அதே பின்கால் தசைநாணைப் பிரித்து மேற்பாதத்தில் பொருத்தினால், அது பாதத்தைத் தூக்கும். பரம்பரை நோயின் உயர்வளைவுப் பாதத்திலும் இன்று இவ்வழி பயன்படுகிறது. கெடுக்கும் தசையையே காக்கவைப்பது; எனக்கு இதைவிட அழகான அறுவை தெரியாது.

எலும்பை வெட்டுவதா என்பது வேறு கேள்வி. அதற்கு 1977இல் கோல்மன் கூறிய சோதனை எளிது: குதிகாலும் வெளிவிளிம்பும் ஒரு மரக்கட்டைமேல் நிற்க, பெருவிரல் பக்கம் கட்டைக்கு வெளியே தாழவேண்டும். அப்போது குதிகால் நேரானால் அதை வெட்டவேண்டியதில்லை, முன்பாதத்தைச் சரிசெய்தால் போதும். நேராகாவிட்டால், 1959இல் டுவையர் விவரித்ததுபோல் குதியெலும்பில் ஆப்பு வடிவத் துண்டு எடுக்கப்படும். மூன்று மூட்டுகளை இணைத்துவிடும் பழைய முறை பாதத்தை நிலைநிறுத்தியது. ஆனால் ஆண்டுகள் கழித்து அருகிலுள்ள மூட்டுகளைத் தேய்த்தது.

தசைநாணை மாற்றினாலும் போன உணர்ச்சி திரும்பாது. ஆகவே வேலூரிலும் 1955இல் தொடங்கிய கரிகிரி ஆய்வு மையத்திலும் நுண்துளை ரப்பர் அடிப்பாகம் வைத்த செருப்பும் சிகிச்சையின் பகுதியாயிற்று.