சீ-ஹா: சிங்கோராவிலிருந்து யான் வரை

ஜப்பான் ராணுவத்தில் அதற்கு 97-ஆம் ரக நடுத்தர டாங்கி என்று பெயர், சுருக்கமாக சீ-ஹா. 1930களின் பிற்பகுதியில் மிட்சுபிஷி உருவாக்கியது. 15 டன் எடை, 12 சிலிண்டர் டீசல் எஞ்சின், 57 மில்லிமீட்டர் பீரங்கி, உள்ளே நான்கு பேர். தகட்டின் கனம் பெரும்பாலும் 25 மில்லிமீட்டருக்குள்தான். ஐரோப்பியப் போர்க்களத்தில் நெடுநேரம் தாங்கியிருக்காது. ஆனால் மலாயாவில் பிரிட்டிஷாரிடம் ஒரு டாங்கிகூட இல்லை.

1941 டிசம்பர் 8-இல் ஜப்பானியப் படை சயாமின் சிங்கோராவில் கரையிறங்கியது. எல்லையைக் கடந்து கெடாவுக்குள் நுழைந்த முன்னணிப் படையோடு சீ-ஹாவும் வந்தது. 11-ஆம் தேதி கொட்டும் மழையில் சங்லூனுக்குத் தெற்கே 1/14 பஞ்சாப் படைப்பிரிவின் மேல் பாய்ந்தது. அந்தச் சிப்பாய்களில் பெரும்பாலோர் அதுவரை டாங்கியைக் கண்ணால் பார்த்ததே இல்லை. ஆசூன் பாலத்தில் கூர்க்காக்கள் முன்னால் வந்த டாங்கிகளை டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கியால் சுட்டு நிறுத்தினார்கள். அது சற்று நேரத் தடைதான். மறுநாள் இரவே பிரிட்டிஷாரின் ஜித்ரா அரண் கைவிடப்பட்டது. அந்தப் பஞ்சாப் பிரிவில் இருந்த கேப்டன் மோகன் சிங்தான் பிறகு இந்திய தேசிய ராணுவத்தைத் தொடங்கினார். தோட்டத்துத் தமிழர் பலர் பின்னாளில் சேர்ந்த படை அது.

14-ஆம் தேதி சண்டை குரூணுக்கு வந்தது. குரூணுக்கும் எங்கள் யானுக்கும் நடுவில் 1,217 மீட்டர் உயர ஜெராய் மலை நிற்கிறது. மலைக்குக் கிழக்கே பெரிய சடக்கு, மேற்கே நாங்கள், வயல், கடல். படை போனது கிழக்குச் சடக்கில்: குரூண், பீடோங், சுங்கைப்பட்டாணி, பிறகு மூடா ஆறு. வழியெல்லாம் ரப்பர் தோட்டம். லயங்களில் இருந்தவர்கள் நம் ஆட்கள். டாங்கி சில நாளில் கடந்து போய்விட்டது. அதன் பின்னால் வந்த ஆட்சி மூன்றரை ஆண்டு இருந்தது. பர்மாவுக்குப் போட்ட 415 கிலோமீட்டர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கெடா தோட்டங்களிலிருந்தும் ஆட்களை ஏற்றிப் போனார்கள். போனவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை.

சீ-ஹாவின் இரண்டாவது பிறப்பு, மாடலாக, ஜப்பானின் ஷிசுவோகா நகரில். 1946-இல் மரக் கடையாகத் தொடங்கிய தமியா, மரப் பொம்மைகளுக்கும் பிறகு பிளாஸ்டிக்குக்கும் மாறிய நிறுவனம். 1960களின் தொடக்கத்தில் அவர்கள் செய்த ஜெர்மன் பாந்தர் டாங்கி மாடலுக்குள் மோட்டாரும் பேட்டரியும் அடங்க வேண்டியிருந்தது. அதற்கேற்ப உடலின் அளவை வைத்தார்கள்; பின்னால் கணக்குப் பார்த்தபோது உண்மை வண்டியில் ஏறத்தாழ 35-இல் ஒரு பங்கு வந்தது. அந்த 1/35 இன்று உலகம் முழுவதும் ராணுவ மாடல்காரர்களின் அளவாகிவிட்டது. 1975-இல் சீ-ஹாவும் அதே அளவில் பெட்டிக்குள் வந்தது. ஐந்தரை மீட்டர் வண்டி 16 சென்டிமீட்டருக்குள் அடங்கியது.

போர் முடிந்து பல பத்தாண்டுகள் கழித்து, மலைக்கு இந்தப் பக்கம், யானில் என் மேசைக்கு அது வந்து சேர்ந்தது. பாகங்களைச் சட்டத்திலிருந்து நிப்பரால் வெட்டி, வெட்டிய இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். கவனம் தப்பினால் ஊசிமுனை அளவு ரிவெட் தலைகளும் சேர்ந்து போய்விடும். பிறகு ஒவ்வொன்றாக ஒட்டித்தான் மீட்க வேண்டும். பழுப்பு, பச்சை, காக்கி, மேலே மஞ்சள் பட்டை என்று வண்ணம் ஏற வேண்டும். கடைசியில் சேறு. டிசம்பர் மழையில் வந்த வண்டிக்கு வறண்ட புழுதி பூசினால் பொய். ஈரச் செம்மண் சங்கிலியில் அப்பியிருக்க வேண்டும், இடுக்குகளில் கருத்திருக்க வேண்டும்.

வண்டி மட்டும் தனியாக நின்றால் எனக்குப் போதாது. அதே அளவில் ரப்பர் மரத்தை நட்டால் அரை மீட்டருக்கு மேல் உயரம் வரும். மரம் சீவுகிறவர் 5 சென்டிமீட்டர் இருப்பார். மரத்தில் கட்டிய பால் மங்கு 3 மில்லிமீட்டர்தான். உளி, வாளி சுமக்கும் காண்டா, பால் வாளி எல்லாவற்றையும் செம்புக் கம்பியிலும் பிளாஸ்டிக் தகட்டிலும் நாமே செய்தாக வேண்டும். எந்தப் பெட்டியிலும் அவை வருவதில்லை. இதைச் செய்யாமல் கெடாச் சடக்கில் சீ-ஹாவை நிறுத்துவது பாதி வேலை என்றே நினைக்கிறேன். அது உருண்டு போனது ஆளில்லாக் காட்டில் அல்ல. பெரட்டுக்கு நின்றவர்களின் வாசலில்.

அந்த டாங்கியின் ஒவ்வொரு ஆணிக்கும் அளவு எழுதிய நூல்கள் இருக்கின்றன. லயத்து வீட்டின் கதவுக்கும் காண்டாவின் நீளத்துக்கும் நாம்தான் அளவெடுக்க வேண்டும். உங்கள் வீட்டில் பழைய உளியோ மங்கோ இருந்தால், தூக்கிப் போடுவதற்கு முன் ஒரு அளவுகோலை வைத்துப் படம் எடுத்து, எந்தத் தோட்டத்துப் பொருள் என்று பின்னால் எழுதி வையுங்கள்.