கடல் யாருக்குத் தீர்ப்பு எழுதியது?

2004 டிசம்பர் 26 அன்று எனக்கு ஒன்றரை வயசு. மூதூருக்குள்ள கடல் வந்தது ஞாபகம் இல்லை. ஆனா அதுக்குப் பிறகு வந்த கதையைக் கேட்டுத்தான் வளர்ந்தேன்: "பாவம் கூடிட்டு, அதான் கடவுள் தண்டிச்சார்." எல்லாச் சமயத்திலும் இப்படிச் சொல்ல ஆட்கள் இருந்தாங்க. பைபிள் வசனத்தோட சொன்னவங்களும் உண்டு. அந்த வசனங்களை வரலாறு படிக்கிறவனாகத் திறந்து பார்த்தேன்.

ஏசாயா 13இல் சூரியன் இருளுது, பூமி அசையுது. உலக முடிவு மாதிரித் தெரியும். ஆனால் அந்த அதிகாரம் பாபிலோனைப் பற்றியது. கி.மு. 539இல் பாபிலோன் பாரசீக அரசன் கோரேசிடம் விழுந்தது. சூரியன் வழமைபோல உதிச்சது. ஒரு பேரரசு சரிவதைச் சொல்ல வானத்தையே சரிய வைப்பது தீர்க்கதரிசிகளின் மொழி. நாங்களும் "தலையில இடி விழுந்துட்டு" என்கிறோமே!

அந்தத் தீர்ப்பு யார் மீது என்பதும் முக்கியம். ஆமோஸ் சாடியது, ஏழையை ஒரு சோடி செருப்புக்கு விற்ற சொந்த இனத்தவரை.

நோவாவின் வெள்ளமும் சோதோமும் இருக்கே என்பீங்க. உண்மைதான். ஆனால் லூக்கா 13இல் சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்த கதையும் இருக்கு. அவங்க மற்றவங்களைவிடப் பாவிகள் இல்லை என்கிறார் இயேசு; கேட்டவர்களையே மனந்திரும்பச் சொல்கிறார்.

1755 நவம்பர் 1, சகல பரிசுத்தவான்கள் திருநாளில், லிஸ்பனை நிலநடுக்கமும் கடலும் தீயும் அழித்தன. மலாக்ரிதா என்ற இயேசு சபைக் குரு, காரணம் மக்களின் பாவம்தான் என்று எழுதினார். அமைச்சர் பொம்பாலின் அரசோ பங்குகளுக்குக் கேள்விக்கொத்து அனுப்பியது: எவ்வளவு நேரம் அதிர்ந்தது? கடல் முதலில் ஏறியதா, இறங்கியதா? நிலநடுக்கவியலின் தொடக்கங்களில் ஒன்றாக அதைச் சொல்வார்கள்.

2004இல் இந்து சமுத்திரத்தில் சுனாமி எச்சரிக்கை முறைமை இருக்கவில்லை. சுமாத்ராவில் நிலம் அதிர்ந்து, கடல் இங்கே வரக் கிட்டத்தட்ட ரெண்டு மணித்தியாலம் இருந்தது. பாவத்தைத் தேடினால் இந்தக் கேள்வி காணாமல் போகும்.

2006 ஓகஸ்டில் சண்டை மூண்டு எங்கட சனம் கந்தளாய்க்கு ஓடினது. அதையும் கடவுள் தண்டனை என்றால், ஷெல் அடிச்சவங்களிட்ட யார் கணக்குக் கேட்பது? ஆமோஸ் கேட்டிருப்பார்.