வைத்தியர் சாந்தாவும் கதிர்ச் சிகிச்சையும்

கற்பிட்டி முனையிலிருந்து முந்தல், உடப்பு ஆகிய ஊர்களைத் தழுவிச் சிலாபம் நோக்கி இறங்கும் கரையிலே பெண்களின் கை ஓய்ந்திருக்கும் நாள் குறைவு. கருவாடு காயவைப்போர், உப்பளத்தில் உப்பு வாருவோர், தென்னந்தோட்டத்து நிழலில் கிடுகு பின்னுவோர் என அவர்கள் பலதிறத்தினர். அவர்களுள் ஒருத்தியின் மார்பிலே சிறு கட்டியொன்று தோன்றினால், பெரும்பாலும் அது வலிப்பதில்லை. வலியாத ஒன்றுக்காக ஒரு நாட் கூலியை இழக்க அவள் மனம் இசைவதில்லை. மாதவிடாய் நின்ற பின்னர் இரத்தம் கண்டாலோ, அதனைத் தன் மகளிடம் சொல்லவும் நாணுகிறாள். நோய் தன்னை மறைக்க முடியாத நிலையை அடைந்த பின்னரே வைத்தியரின் வாயிலை மிதிக்கிறாள்.

அங்கிருந்து தொடங்குவது நீண்ட பயணம். புத்தளத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ 130 கிலோமீற்றர். இலங்கையின் தலைமைப் புற்றுநோய் வைத்தியசாலை அமைந்த மகரகம அதற்கும் அப்பால். கதிர்ச் சிகிச்சையோ ஒரு நாளில் முடிவதன்று. பொதுவாக வாரத்துக்கு ஐந்து நாட்களாக ஐந்து வாரங்கள் வரை, நாள்தோறும் சில நிமிடங்கள் கதிரின் கீழ்ப் படுக்க வேண்டும். அந்தச் சில நிமிடங்களுக்காக ஒரு தாய் ஒரு மாதத்துக்கு மேல் வீட்டைப் பிரிந்திருக்க வேண்டும். கதிர்ச் சிகிச்சையின் வரலாற்றைப் பௌதிகவியலின் வரலாறாக மட்டும் எழுதுவோர் இந்தப் பஸ் பயணத்தை மறந்துவிடுகின்றனர்.

உடப்பு மக்கள் தம் முன்னோர் இராமேசுவரப் பக்கத்திலிருந்து கடல் கடந்து வந்தவர் என்பர். அக்கடலுக்கு அப்பால், சென்னை அடையாற்றிலே, காலந்தாழ்த்தி வரும் இத்தகைய ஏழைப் பெண்களுக்காகவே தம் வாழ்நாளைச் செலவிட்ட வைத்தியர் வி. சாந்தா அம்மையாரின் வரலாறு இக்கரையினரும் கேட்கத்தக்கது.

கியூரி தம்பதியர் 1898 ஆம் ஆண்டில் றேடியத்தைக் கண்டறிந்தனர். அதனை மருத்துவர் கையிலெடுத்தபோது முதலில் பெரும்பயன் கண்ட இடங்களுள் ஒன்று கருப்பைக் கழுத்து. உடலின் உள்ளே ஆழத்தில் இருப்பினும், கத்தியின்றிச் சென்றடைய அங்கே இயற்கையான வழியுண்டு. றேடியத்தைச் சிறு குழாய்களில் அடைத்து நோயின் அருகிலேயே வைத்துவிட்டால் கதிர் கட்டியை அழிக்கும். சற்றுத் தள்ளியுள்ள உறுப்புகளில் அதன் வலிமை வெகுவாகக் குறைந்துவிடும். ஸ்ரொக்ஹோம், பரிஸ், மான்செஸ்ரர் ஆகிய நகரங்களில் இதற்கெனத் தனித்தனி முறைகள் வகுக்கப்பட்டன. மார்பகத்தைப் பொறுத்தமட்டில், மார்பையும் அதன் கீழுள்ள தசையையும் முழுவதும் வெட்டியகற்றுவதே அந்நாளைய வழக்கம். இலண்டன் அறுவை வைத்தியர் ஜெப்ரி கெயின்ஸ் 1920களில் றேடிய ஊசிகளைக் கொண்டு மார்பைக் காத்து நோயைத் தீர்க்க முயன்றார். பொருளியலறிஞர் கெயின்ஸின் தம்பி இவர். சகவைத்தியர் பலர் அவரை நம்பவில்லை. அவர் சென்ற திசை சரியானதென்பதை உலகம் ஒப்புக்கொள்ள அரை நூற்றாண்டு சென்றது.

சென்னையின் கதை ஒரு மரணத்தோடு தொடங்குகிறது. புதுக்கோட்டையில் 1886 இல் பிறந்த வைத்தியர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923 இல் புற்றுநோயால் இறந்தார். அத்துயரத்தை முத்துலட்சுமி அம்மையார் மறக்கவில்லை. புற்றுநோய்க்கெனத் தனியே ஒரு மருத்துவமனை எதற்கு என்று ஐயுற்றோர் நடுவே, பெண்கள் சங்கத்தின் துணையோடு பணம் திரட்டினார். 1952 ஒக்ரோபரில் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 ஆம் நாள் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை பன்னிரண்டு படுக்கைகளுடன் திறக்கப்பட்டது. அம்மையாரின் மகன் வைத்தியர் கிருஷ்ணமூர்த்தி அதன் முதல்வரானார்.

அடுத்த ஆண்டில் அங்கு வந்து சேர்ந்தவரே சாந்தா. 1927 இல் மயிலாப்பூரில் பிறந்தவர். மகளிர் நோயியலிலும் மகப்பேற்றிலும் உயர்பட்டம் பெற்றவர். எழும்பூர் மகளிர் மருத்துவமனையில் அரசாங்க உத்தியோகம் அவருக்குக் காத்திருந்தது. அதனை விடுத்து இந்தச் சிறு மருத்துவமனையைத் தேர்ந்தமை அந்நாளில் பலருக்கு விந்தையாகவே இருந்தது. நோபல் பரிசு பெற்ற இராமனும் சந்திரசேகரும் அவருடைய உறவினர் என்று சொல்லித்தான் பலரும் அவரை அறிமுகம் செய்வர். அவருக்கு அந்த அறிமுகம் தேவையில்லை.

அந்நாட்களில் அதிர்ஷ்டமும் அடையாற்றின் பக்கம் இருந்தது. கனடாவிலே கோபால்ட்-60 என்னும் கதிரியக்கப் பொருளைக் கொண்டு வெளியிலிருந்து கதிர் பாய்ச்சும் கருவி 1951 இல் தோன்றியிருந்தது. சஸ்கட்டூன் நகரில் ஹரல்ட் ஜோன்ஸ் அமைத்த கருவியின் கீழ் முதன்முதலில் படுத்தவர், முற்றிய கருப்பைக் கழுத்துப் புற்றுநோயுடன் வந்த 43 வயதுப் பெண், நான்கு பிள்ளைகளின் தாய். அதன்பின் அவர் ஏறத்தாழ நாற்பத்தேழு ஆண்டுகள் உயிர்வாழ்ந்தார்! அத்தகைய கனடியக் கருவியொன்று 1950களின் பிற்பகுதியில் அடையாற்றுக்கு வந்தது. ஆசியாவிலே அதுவே முதலாவது என அம்மருத்துவமனையின் வரலாறு கூறும்.

அதன் சிறப்பை எளிதில் உணரலாம். பழைய எக்ஸ் கதிர்க் கருவிகளின் முழு வேகமும் தோலின் மீதே இறங்கும். ஆழத்துக் கட்டியை எட்டுமுன் தோல் வெந்துபோகும். கோபால்ட் கதிரோ தோலுக்கு அரைச் சென்ரிமீற்றர் கீழே சென்ற பின்னரே தன் முழு வலிமையைக் காட்டுகிறது. இடுப்பெலும்புகளின் நடுவே ஒளிந்திருக்கும் கருப்பைக் கழுத்தைப் பல திசைகளிலிருந்து அதனால் தாக்க முடிந்தது. வெளியிலிருந்து கோபால்ட், உள்ளிருந்து றேடியம் எனச் சிகிச்சை இருமுனைப் போராயிற்று. குறையும் உண்டு. கோபால்ட்-60 ஐந்தேகால் ஆண்டுகளில் பாதி வலிமையை இழக்கும். ஆகவே ஆண்டுகள் செல்லச் செல்ல, ஒவ்வொரு நோயாளியும் கருவியின் கீழ் மேலும் சில கணங்கள் படுக்க வேண்டியிருக்கும். உரிய காலத்தில் புதிய கோபால்ட் வாங்காவிடின் வரிசை நீளும்.

ஆயினும் கருவி வந்ததனால் மட்டும் காலந்தாழ்த்தி வந்தோரைக் காக்க முடியவில்லை. சாந்தா அம்மையாரின் ஆராய்ச்சி அங்கேதான் பிறந்தது. மேலைநாட்டு நூல்கள் பெரிதும் பேசியது தொடக்க நிலையிலே கண்டறியப்பட்ட கட்டிகளைப் பற்றி. அடையாற்று வாயிலில் நின்ற பெண்களிலோ பலருக்கு மார்புக் கட்டி தோலையோ அக்குளையோ பற்றியிருந்தது. அந்நிலையில் வெட்டினால் நோய் மீண்டும் முளைக்கும். எனவே அடையாற்றினர் வரிசையை மாற்றினர். முதலில் மருந்தும் கதிரும். கட்டி சுருங்கிய பின்னரே கத்தி. வாய்ப்புற்றுநோயில் கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் மருந்தையும் கதிரையும் இணைத்துப் பெற்ற அனுபவம் இதற்குத் துணை நின்றது. 1990 முதல் 1999 வரை இவ்வாறு சிகிச்சை பெற்ற 1,117 பெண்களின் வரலாற்றை அம்மையாரும் சகாக்களும் 2008 இல் வெளியிட்டனர். அறுவையில் எடுத்த மார்பகத்தை ஆராய்ந்தபோது, பாதிக்குச் சற்றுக் குறைவானோரில் நோயின் உயிர்க்கலம் எஞ்சியிருக்கவில்லை. காலந்தாழ்த்தி வந்தவள் கைவிடப்பட வேண்டியவள் அல்லள் என்பதற்கு இதைவிட வலிய சான்று வேண்டியதில்லை. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் கதிரோடு மருந்தையும் ஒருங்கே கொடுப்பது நன்று என்பதை உலகின் பல ஆய்வுகள் ஒருசேர நிறுவியது 1999 இல்.

இத்தகைய ஆய்வு இயல்வதற்குப் பின்னே அலுப்பூட்டும் வேலை ஒன்று உண்டு. அதுபற்றிப் பேசுவோர் சிலரே. சிகிச்சை முடித்து ஊர் திரும்பிய பெண் உயிரோடிருக்கிறாளா என்பதை ஐந்து, பத்து, பதினைந்து ஆண்டுகள் விடாது அறிந்து எழுதி வைக்க வேண்டும். அதுபோலவே, தொடங்கிய சிகிச்சையை அவள் முடிக்கச் செய்யவும் வேண்டும். இடையில் நின்ற கதிர்ச் சிகிச்சை, பாதி அணைத்த தீயைப் போன்றது; எஞ்சிய உயிர்க்கலங்கள் மறுபடி பெருகும். பணமில்லாதவர் பணமில்லாமலே சிகிச்சை பெற வேண்டும் என்று அம்மையார் பிடிவாதமாக நின்றதை அறம் என்று போற்றுவோர் உளர். அது நல்ல மருத்துவமும் ஆகும். 2005 இல் மக்சேசே விருதும், 2016 இல் பத்ம விபூஷணும் வந்தன. மருத்துவமனை வளாகத்திலேயே வாழ்ந்த அவர் 2021 ஜனவரி 19 ஆம் நாள் காலமானார்.

சென்னை நகரப் புற்றுநோய்ப் பதிவேட்டில் 1980களின் தொடக்கத்தில் பெண்களிடையே முதலிடம் பெற்றிருந்தது கருப்பைக் கழுத்துப் புற்றுநோய். பிற்பாடு அது இறங்க, மார்பகப் புற்றுநோய் முதலிடத்துக்கு ஏறிற்று. இலங்கையிலும் பெண்களிடையே முதலிடம் மார்பகப் புற்றுநோய்க்கே.

புத்தளக் கரையினருக்கு மகரகம இன்னும் தொலைவுதான். ஆனால் கட்டி முற்றுமுன் பார்க்கத்தக்க இடம் ஊருக்கு அண்மையிலேயே வந்துவிட்டது. 1996 முதல் நாடெங்கும் அமைக்கப்பட்ட சுகவனிதையர் கிளினிக்குகளில் 35 வயதடைந்த பெண்ணுக்கு மார்பகப் பரிசோதனையும், கருப்பைக் கழுத்துக் கலங்களின் பரிசோதனையும் கட்டணமின்றிச் செய்யப்படுகின்றன. குடும்பநல மாது வீட்டுக்கு வந்து அழைக்கும்போது நாளைக்கு என்று சொல்லாதிருந்தாற் போதும். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை உண்டாக்கும் வைரசுக்கு எதிரான தடுப்பூசி 2017 முதல் பாடசாலைகளில் ஆறாம் வகுப்பு மாணவியருக்கு ஆறு மாத இடைவெளியில் இருமுறை போடப்படுகிறது. அவ்வாண்டில் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வரிசையில் நின்ற சிறுமியர், கிளினிக்குக்கு அழைக்கப்படும் 35 வயதை எட்டுவது 2041 ஆம் ஆண்டளவில்.