முதலிடம் பிடித்தாலும் மேலே போக முடியாத ரக்பி

காற்பந்து பார்த்துப் பழகிய நமக்கு இது எளிய கணக்கு. இரண்டாம் பிரிவில் முதலில் வந்தால் மேலே, முதல் பிரிவில் கடைசியில் நின்றால் கீழே. இங்கிலாந்து ரக்பியில் அப்படியில்லை.

1995இல் ரக்பி தொழில்முறை விளையாட்டானது. பிறகு பிரிமியர்ஷிப்புக்குள் நுழைய வெற்றி மட்டும் போதாமல் போனது. 10,001 பேர் பார்க்க இடமுள்ள திடலும் வேண்டும் என்றார்கள். 2022இல் சாம்பியன்ஷிப் பட்டத்தை வென்ற ஈலிங் டிரெயில்ஃபைண்டர்ஸ், திடல் போதாததால் அதே பிரிவிலேயே நின்றது.

2012இல் லண்டன் வெல்ஷும் திடல் காரணமாகவே மறுக்கப்பட்டது. மேல்முறையீட்டில் வென்று ஏறியது. பதிலுக்கு நியூகாசல் இறங்கியது. அடுத்த ஆண்டே இறங்கி, மீண்டும் ஏறிய லண்டன் வெல்ஷ், 2014/15 பருவத்தில் 22 ஆட்டங்களிலும் தோற்றது.

சிறிய குழுக்களால் தாக்குப்பிடிக்க முடியாது என்போர் இதைத்தான் காட்டுவார்கள். ஆனால் 2010இல் ஏறிய எக்ஸிட்டர் 2017இல் வெற்றியாளர். 2020இல் ஐரோப்பியக் கிண்ணமும் அதற்கே. கதவு மூடியிருந்தால் அந்தக் குழுவை யார் அறிந்திருப்பார்?

2020இல் சாரசன்ஸ் இறங்கியது தோல்வியால் அல்ல. ஆட்டக்காரர் சம்பள வரம்பை மீறியதால் புள்ளிகள் வெட்டப்பட்டன. ஓராண்டில் திரும்பிவிட்டது.

பணத்தட்டுப்பாடோ எந்தப் பிரிவையும் விடவில்லை. 2022/23 பருவத்தில் வூஸ்டர், வாஸ்ப்ஸ், லண்டன் ஐரிஷ் மூன்றும் சரிய, பிரிமியர்ஷிப் 13 குழுக்களிலிருந்து 10 ஆனது. அதே பருவத்தில் சாம்பியன்ஷிப்பை வென்ற ஜெர்சி ரெட்ஸ், 2023 செப்டம்பரில் பணமின்றி நின்றுபோனது.