திருவரங்கத்து ஆரோக்கியசாலை

மாணவர்களே, திருவரங்கம் கோயிலில் தன்வந்திரி சந்நிதியைக் கண்டிருப்பீர்கள். அது பழைய மருத்துவமனை ஒன்றோடு தொடர்புடையது என்பதை அறிந்தோர் சிலரே. 13ஆம் நூற்றாண்டில், கொள்ளிடத்தின் வடபால் கண்ணனூரிலிருந்து போசள வீர ராமநாதன் ஆண்ட நாளில், கருடவாகன பண்டிதரின் பொறுப்பில் இங்கே ஆரோக்கியசாலை இருந்தது. பின்வந்த படையெடுப்பில் அது சிதைந்தது. அதே பட்டப்பெயர் தாங்கிய சீனிவாசர் 1493இல் அதனைப் புதுப்பித்துத் தன்வந்திரியையும் எழுந்தருளச் செய்தார் என்று கல்வெட்டுக் கூறுகிறது.

இருமலோடு வந்தவருக்கு அக்காலத்தில் என்ன மருந்து கொடுத்திருப்பர்? காஞ்சிக்கு அண்மையிலுள்ள திருமுக்கூடலில், வீரராசேந்திர சோழனின் 1069ஆம் ஆண்டுக் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையின் மருந்துகளைப் பெயர் சொல்லி அடுக்குகிறது. அவற்றுள் ஒன்று வாசாஹரீதகி. ஆடாதோடையும் கடுக்காயும் சேர்ந்த இருமல் மருந்து. ஆம், நம் வேலியோரத்து ஆடாதோடைதான்! அதிலுள்ள வாசிசினை அடியொற்றியே 20ஆம் நூற்றாண்டில் புரோம்ஹெக்சின் என்னும் சளி இளக்கும் மருந்து உருவாயிற்று.

வறட்டிருமலுக்கோ நம் வீடுகளில் அதிமதுரம். சீன மருத்துவர் யூ சாங் 1658இல் நுரையீரல் வறட்சிக்கென வகுத்த குடிநீரிலும் அதிமதுரம் உண்டு. உடன் முசுக்கட்டை இலையும் எள்ளும் சேரும்.

திருமுக்கூடலில் மூலிகை பறித்து, விறகு கொணர்ந்து, மருந்து காய்ச்ச இருவர் இருந்தனர். மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும் குறித்த அதே கல்லில், அவ்விருவரின் கூலியும் பொறிக்கப்பட்டிருக்கிறது.