வெளிமாநில செகண்ட் ஹேண்ட் கார் சீப்பா கிடைக்குதா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் ரோடு டேக்ஸை செக் பண்ணுங்க!

பழைய கார் வாங்கும்போது இன்ஜின், டயர், இன்சூரன்ஸ் என எல்லாவற்றையும் பார்ப்பவர்கள்கூட ரோடு டேக்ஸை விட்டுவிடுகிறார்கள். கார் எந்த மாநிலப் பதிவு என்பதைப் பொறுத்து இந்தச் செலவு மாறும்.

டிஎன் நம்பர் கார் என்றால்?

தமிழ்நாட்டில் சொந்தப் பயன்பாட்டு கார்களுக்கு, புதிதாக வாங்கும்போதே ஆயுட்கால வரி வசூலிக்கப்படுகிறது. ஓனர் மாறினாலும் அந்த வரியை மறுபடி கட்ட வேண்டாம். பெயர் மாற்றக் கட்டணம் செலுத்தினால் போதும். ஆனால், 15 ஆண்டுகள் முடிந்த கார் என்றால் ஆர்சியைப் புதுப்பிக்கும்போது பசுமை வரியும் சேரும். மஞ்சள் போர்டிலிருந்து வெள்ளை போர்டுக்கு மாறிய கார் என்றால், மாற்றியபோது வரி கட்டிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

வெளிமாநில கார் என்றால்?

சிக்கலே இங்குதான். புதுச்சேரி, கர்நாடகா பதிவு கார் விலை குறைவாகத் தெரியலாம். ஆனால், அங்கு கட்டிய வரி இங்கு செல்லாது. 12 மாதங்களுக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால், அந்த மாநில நம்பருக்கு மாற்ற வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவு. அப்போது காரின் விலை, வயதைப் பொறுத்து தமிழ்நாட்டு வரியைக் கட்டியாக வேண்டும்.

2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட விகிதப்படி, புதிய காருக்கே 5 லட்சம் ரூபாய் வரை 12%, 10 லட்சம் வரை 13%, 20 லட்சம் வரை 18%, அதற்கு மேல் 20% ஆயுட்கால வரி. பழைய காருக்கு வயதுக்கேற்ப குறையும் என்றாலும், கணிசமான தொகைதான்.

பழைய மாநிலத்தில் மீதிக் காலத்துக்கான வரியைத் திரும்பக் கேட்கலாம். அது தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும். அந்தப் பணம் யாருக்கு என்பதை விலை பேசும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பிஎச் சீரிஸ் கார் என்றால்?

இதில் பொதுவாக 2 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வரி கட்டப்படும். எந்தத் தேதி வரை கட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பிஎச் நம்பருக்குத் தகுதி இல்லாதவர் வாங்கினால், சாதாரண மாநிலப் பதிவுக்கு மாற்றி அதற்கான வரியைச் செலுத்த வேண்டும்.

எப்படி செக் செய்வது?

* எம்பரிவாகன் ஆப் அல்லது பரிவாகன் இணையதளத்தில் வண்டி நம்பரைக் கொடுங்கள்.
* வரி எதுவரை என்ற இடத்தில் 'எல்டிடி' என்று இருந்தால் ஆயுட்கால வரி கட்டப்பட்டுள்ளது. தேதி இருந்தால் அதுவரைதான் கட்டியிருக்கிறார்கள்.
* லோன் பாக்கி, இ-சலான் அபராதம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.
* வெளிமாநில கார் என்றால் படிவம் 28-ல் பழைய ஆர்டிஓவின் தடையில்லாச் சான்று அவசியம். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 தேவை.

பரிவாகன் தளத்திலேயே ஆன்லைனில் வரி கட்டலாம். ரசீதை டவுன்லோட் செய்து ஆர்சியுடன் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிமாநில கார் என்றால், உங்கள் ஆர்டிஓ அலுவலகத்தில் வரித் தொகையைக் கேட்டு, அதையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். அதன் பிறகும் லாபம் என்றால் மட்டும் அட்வான்ஸ் கொடுங்கள்.